கையுறை மட்டும் கலங்கிய படம்

ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் மற்றப் பெண்கள் காலை நீட்டிப் படுப்பார்கள், வீட்டில் இருக்கிறவர்களைத் திட்டுவார்கள், மறுபடியும் படுப்பார்கள். அக்கா மட்டும் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, ஊரைத் தாண்டி இருக்கிற பைக் பந்தயத் திடலுக்குப் போய் வெயிலில் நிற்பாள்.

கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடுவது அவள் வேலை. இந்தப் பக்கம் ஈரமாகப் போவது அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். நாள் முழுக்க நின்றபடியே இடுப்பிலிருந்து திரும்பித் திரும்பி விட வேண்டும். ஆவி முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையாது. யாராவது பரிதாபப்பட்டுக் கேட்டால், "ஆண்டவன் ரெண்டு காலு குடுத்திருக்கான்ல, மாத்தி மாத்தி நிக்கிறேன்" என்பாள்.

இப்படிப்பட்டவள் எதற்காக லீவு நாளிலும் போய் நிற்கிறாள் என்றால், தம்பிக்காகத்தான்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆன வேகத்திலேயே வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து மூச்சு விடுவதற்குள் அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பியை அவள் இடுப்பில் கட்டிவிட்ட மாதிரி ஆயிற்று. அவன் வளர்ந்தான், மெக்கானிக் ஆனான், அதோடு நிற்காமல் பழைய பைக் ஒன்றைப் பிரித்து மாட்டிப் பந்தயத்திலும் இறங்கிவிட்டான். "சூதாடலை, குடிக்கலை. இது ஒண்ணுதான் அக்கா எனக்கு" என்று அவன் சொன்னபோது அவள் தலையை ஆட்டிவிட்டாள். உண்மையைத்தானே சொல்கிறான்.

முதல் தடவை பார்க்கப் போனவள், வண்டிகள் கிளம்பிய சத்தத்தில் கண்ணை மூடினாள். எல்லாம் முடிந்து அடங்கிய பிறகுதான் திறந்தாள்.

"எதுக்கு வந்த நீ? கண்ணை மூடிக்கிட்டு உக்கார வீட்டுல இடம் இல்லையா?" என்று தம்பி சிரித்தான்.

அப்புறம்தான் அந்தக் கேமரா வந்தது. தெருமுனைப் படக்கடையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன கேமரா. விளையாட்டாகக் கண்ணில் வைத்துப் பார்த்தவளுக்கு ஒன்று பிடிபட்டது. அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளே சாலை, லாரி, மனிதர் எல்லாம் கட்டைவிரல் அளவுதான். அந்த அளவில் பார்த்தால் கண்ணை மூடத் தோன்றவில்லை. கைக்கும் ஒரு வேலை இருக்கிறது. கைக்கு வேலை இருந்தால் மனசு கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கும். படக்கடைக்காரர் நல்ல மனிதர், தவணையில் கொடுத்தார்.

ஆரம்பத்தில் எடுத்த படங்களைப் பார்த்துத் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "என்னக்கா இது, ஸ்டாண்டு போட்டு நிறுத்தின வண்டி மாதிரி இருக்கு! இதைக் காட்டி நான் ஓட்டினேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

ஷட்டர் மின்னல் மாதிரி மூடினால் ஓடும் சக்கரமும் நின்றுபோகும். அதை மெதுவாக வைக்க வேண்டும். வண்டி தூரத்தில் வரும்போதே பிடித்து, அதோடு கூடவே உடம்பைத் திருப்பி, திருப்பிக்கொண்டே பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. அப்போதுதான் வண்டி தெளிவாக நிற்கும், பின்னால் உள்ள வேலியும் புல்லும் கோடு கோடாக ஓடும். மற்றவர்கள் மாதக்கணக்கில் படாதபாடு படுகிற விஷயம் இது. அக்காவுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இடுப்பிலிருந்து திரும்புவதைத்தானே அவள் தினமும் செய்கிறாள்.

திடலில் நேர் பாதை முடிந்து வலப்பக்கம் மடங்குகிற வளைவு ஒன்று உண்டு. அதற்குச் சற்று முன்னால், வேலி ஓரமாக, அவள் நிற்கிற இடம். பிரேக் பிடிக்கிற வலது கை அங்கே நன்றாகத் தெரியும். பக்கத்துக் கூண்டில் கொடி காட்டுகிற அண்ணன் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு வண்டியும் கடக்கும்போது அக்காவின் உதடு அசையும். ஆண்டவனே, இவனை வீடு சேர்த்துவிடு. அவ்வளவுதான் வேண்டுதல். தம்பிக்கு மட்டும் சொல்ல ஆரம்பித்தவள், பின்னால் வருகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே என்று எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினாள்.

"அக்கா, நெட்டையனுக்குக் கொஞ்சம் கூடுதலா வேண்டிக்கங்க. அவன் ஓட்டுறதைப் பார்த்தா எனக்கே நெஞ்சு வலிக்குது" என்பார் கொடிக்காரர்.

"அவன் உயரத்துக்கு ரெண்டு வேண்டுதல் வேணும்ணே."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் கலங்கல் வந்தது.

அக்கா எல்லோரையும் எடுத்தாலும், தாளில் போட்டுப் பார்ப்பது தம்பியின் படத்தை மட்டும்தான். மற்றவர்களுடையதைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்து, அவரவர் போனுக்கு அனுப்பிவிடுவாள். ஒரு பந்தயத்துக்குப் பிறகு தம்பியின் படத்தைப் போட்டுப் பார்த்தபோது, தலைக்கவசம் தெளிவு, முழங்கால் தெளிவு, வண்டியில் ஒட்டிய எண்கூடத் தெளிவு. கையுறை மட்டும், தண்ணீர் பட்ட மை மாதிரி, கலங்கிக் கிடந்தது. சரி, ஒரு படம் அப்படி ஆகிவிட்டது என்று விட்டாள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கு அடுத்த முறையும். திருப்பும்போது கை கொஞ்சம் தவறினால் படத்தில் ஒரு இடம் மட்டும் கலங்குவது உண்டு.

"என் கை ஆடுதுடா" என்றாள் தம்பியிடம்.

அவன் படத்தை வாங்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆமாக்கா. வயசாகுதுல்ல" என்றான்.

அன்றிலிருந்து அவள் தன் கையோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தாள். காபியை நிறுத்தினாள். முழங்கையை விலாவோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றாள். லென்ஸைக் கழற்றித் துடைக்கச் சொன்னாள். கூடத்துக்கு வருகிற நர்ஸிடம் கையை நீட்டி, "ஆடுதா பாரும்மா" என்று கேட்டாள். "உருளையில வேலை பார்த்தா யாருக்குத்தான் கை ஆடாது" என்றாள் நர்ஸ். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இனி இந்தக் கேமராவும் தனக்கு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பெரிய அழுகை எல்லாம் வரவில்லை. போனதோடு இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் வந்தது. அதில் தம்பி முதல் மூன்று பேருக்குள் வந்தால் அடுத்த வருஷம் மேல் பிரிவில் ஓட்டலாம். அதற்காகத்தான் இத்தனை வருஷமும் கிரீஸில் புரண்டான். பந்தயம் நடத்துகிற சங்கத்துக்காரர்கள் ஓட்டுகிற எல்லோருடைய படத்தையும் பெரிதாகப் போட்டு வாசலில் மாட்ட ஆசைப்பட்டு, அக்காவிடம் கேட்டார்கள். அவளும் சரி என்று படங்களைப் படக்கடையில் கொடுத்தாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வாங்கப் போனாள். கடைக்காரர் படங்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். "என்னம்மா, கை ஆடுது கை ஆடுதுன்னு சொல்லிட்டு இருந்தீங்க? இதைப் பாருங்க, ஒவ்வொருத்தன் கையிலும் தையலை எண்ணலாம்."

அக்கா குனிந்து பார்த்தாள். நெட்டையனின் இரண்டு விரல் பிரேக் மேல் இருந்தது. டாக்ஸி என்று கூப்பிடுவார்களே, அவனுக்கு ஒரு விரல். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாக் கையும் தெளிவு. அதே நாள், அதே இடம், எடுத்ததும் இதே கை. தம்பியின் கையுறை மட்டும் கலங்கல். பெரிய தாளில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கை கைப்பிடியின் மேலேயே இல்லை. கொஞ்சம் தூக்கி இருந்தது. ஒட்டியதை உதறுகிற மாதிரி அதை உதறிக்கொண்டிருந்தான்.

பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் வந்து கையை உதறுகிறான் என்றால், கையில் உணர்வு இல்லை. கூடத்தில் வேலை செய்கிற பாதிப் பேர் காலையில் அப்படித்தான் கையை உதறிக்கொண்டு வருவார்கள்.

"என்னம்மா, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு சார். எடுத்து வைங்க."

அன்றைக்கு அவள் படங்களைப் பையிலேயே வைத்துவிட்டாள். பட்டறையிலிருந்து களைத்து வந்த தம்பி தட்டில் இருந்ததைத் தின்றுவிட்டுப் படுத்தான். படுக்குமுன் தண்ணீர் குடிக்கும்போதும் டம்ளரை இடது கையால்தான் எடுத்தான். எத்தனை நாளாக இப்படி எடுக்கிறான் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. வீட்டில் அவனைப் பார்க்க அவளுக்கு எங்கே தெம்பு இருந்தது? சங்கத்துக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும், இறக்கிவிடுவார்கள். ஆனால் அவன் பிறகு அவள் முகத்தில் விழிக்க மாட்டான். சொல்லாமல் விட்டால் அவன் முகமே இல்லாமல் போகலாம். இரண்டையும் ஆண்டவன் முன்னால் வைத்துவிட்டுப் படுத்தாள். தூக்கம் வந்ததா வரவில்லையா என்று அவளுக்கே தெரியாது.

காலையில் வண்டியை ஏற்றிக்கொண்டு வேனில் போய் இறங்கினார்கள். தம்பி தோல் உடுப்பைப் போட்டுக்கொண்டு பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தான். அக்கா பையிலிருந்து அவன் படத்தையும் நெட்டையன் படத்தையும் எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

அவன் பார்த்தான். நிமிரவில்லை.

"எத்தனை நாளாடா?"

"எது?"

"என்கிட்ட எதுன்னு கேக்காத. இந்தக் கை."

"போன வருஷம் விழுந்தேன்ல, அதுக்கப்புறம். மரத்துப் போகுது. ஒரு உதறு உதறினா சரியாயிடும்."

"என் கை ஆடுதுன்னு சொன்னியே."

"நான் எங்க சொன்னேன்? நீயே சொன்ன. நான் ஆமான்னேன்."

அக்கா நின்றபடியே இருந்தாள். அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டாமா? "நான் காபிகூடக் குடிக்கலைடா" என்றாள். அதுதான் வாயில் வந்தது.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இன்னைக்கு ஒரு நாள் அக்கா. ஒரே ஒரு நாள் விட்டுடு. அப்புறம் நீ சொல்ற டாக்டரைப் பார்க்கிறேன். உதறாமலே ஓட்டுறேன், பாரு."

"உதறாம ஓட்ட முடியுமா?"

"முடியும்."

"அப்ப சரி. இப்ப பிராக்டிஸ் இருக்குல்ல. நான் வளைவுல நின்னு ஒவ்வொரு சுத்துக்கும் எடுக்கிறேன். எதுலயாவது கை கலங்கி இருந்தா, நீயே போய்ப் பேரை எடுத்துடணும். எல்லாம் தெளிவா இருந்தா நான் வாயே திறக்கலை. சம்மதமா?"

"சத்தியமா?"

"நான் என்னைக்குடா பொய் சொன்னேன்?"

அந்தக் கேள்வி அவனைக் குத்தும் என்று தெரியாமல்தான் கேட்டாள். அவன் படத்தைத் திருப்பிக் கொடுத்தான். "சம்மதம்" என்றான்.

வளைவுக்கு நடந்து போகிற வழியில்தான் அவளுக்கு உறைத்தது. கலங்கலான படம் ஒன்று கிடைத்தால் போதும், தம்பி தப்பித்தான். கலங்கல் வர அவன் கைதான் ஆட வேண்டும் என்று இல்லை. தன் கையை ஒரு நூலளவு ஆட்டினாலும் போதும், படத்தோடு சேர்ந்து அவன் கையும் கலங்கிவிடும். யாருக்குத் தெரியும்? ஆண்டவனுக்குத் தெரியும். ஆனால் அவன் மன்னிப்பானே. உயிரைக் காப்பாற்றச் செய்த பொய்யை அவன் மன்னிக்காமல் வேறு யார் மன்னிப்பார்?

"என்னக்கா, முகம் செத்துப் போயிருக்கு? தூங்கலையா?" என்றார் கொடிக்காரர்.

"தூங்கினேன்ணே."

"இதுக்குப் பேரு தூங்கின முகமா! தண்ணி குடிங்க."

வண்டிகள் கிளம்பிவிட்டன. சத்தம் முதலில் வந்தது, அப்புறம் நெட்டையன், டாக்ஸி, இன்னும் சிலர். அதற்குப் பின்னால் தம்பி. அக்கா அவனைத் தூரத்திலேயே பிடித்தாள். உடம்பு தானாகத் திரும்பியது. உதடு அசைந்தது. ஆனால் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை வரவில்லை. கை நன்றாக இருக்கட்டும் என்று கேட்பதா, கலங்கட்டும் என்று கேட்பதா? ஆண்டவனே, ஆண்டவனே என்று மட்டும் சொல்லிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

கேமராவை ஆட்டவில்லை. ஆட்ட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கைக்கு அது தெரியவில்லை. பழகின கை பழகினதைச் செய்துவிட்டது.

சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு விரல் பிரேக் மேல், தெளிவாக. அடுத்த சுற்று, தெளிவு. அதற்கு அடுத்ததும் தெளிவு. சொன்னபடியே உதறாமல் ஓட்டுகிறான். ஒவ்வொரு சுற்றிலும் அவன் வேகம் கூடிக்கொண்டே வந்தது. "தம்பி இன்னைக்குப் பேய் மாதிரி ஓட்டுறான்க்கா!" என்று கொடிக்காரர் கூவினார்.

பிராக்டிஸ் முடிகிற சமயம். தம்பி நேர் பாதையில் வந்தான். அவள் பிடித்தாள், திரும்பினாள், அமுக்கினாள். வண்டி மடங்க வேண்டிய இடத்தில் மடங்கவில்லை. நேராகவே போயிற்று. சாலையை விட்டு, சரளைக் கல் பரப்புக்குள் புகுந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, இப்படியும் அப்படியும் ஆடி, விழாமல் நின்றது. கொடிக்காரர் மஞ்சள் கொடியை எடுத்துக்கொண்டு ஓடினார். அக்கா கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. அவன் ஒரு காலை ஊன்றி நிற்பது தெரிகிறவரைக்கும் அப்படியே நின்றாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து டயர்கள் பக்கம் நிறுத்தும்போது அவளும் வந்து சேர்ந்திருந்தாள். அவன் இடது கையால் தலைக்கவசத்தைக் கழற்றினான். வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"காட்டு" என்றான்.

அவள் கேமராவை நீட்டினாள். அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். கடைசிப் படத்துக்கு வந்தான். அதிலும் விரல் இரண்டும் பிரேக் மேல்தான் இருந்தன. கையுறையின் தையலைக்கூட எண்ணலாம்.

"எல்லாம் தெளிவா இருக்கு" என்றான்.

"ஆமா."

"நீ வாயே திறக்க மாட்டேன்னு சொன்ன."

"திறக்கலையே. நீ ஜெயிச்சுட்ட."

நெட்டையன் தூரத்திலிருந்து, "என்னடா, கல்லு பொறுக்கப் போனியா?" என்று கத்தினான். தம்பி கை காட்டினான், சிரிக்கவில்லை. மறுபடியும் அந்தக் கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தன் வலது கையைத் தூக்கி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"இதுல பிரேக் பிடிச்சிருக்கேனா இல்லையா அக்கா?"

"விரல் மேல இருக்கு. பிடிச்சியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் தெரியணும்."

"எனக்குத் தெரியல" என்றான் தம்பி. சொல்லிவிட்டு அதே வார்த்தையை மறுபடியும் மெதுவாகச் சொன்னான். "எனக்கே தெரியலக்கா. பிடிக்கிறேன்னு நினைச்சேன். வண்டி போய்க்கிட்டே இருந்துச்சு."

அக்கா அவன் பக்கத்தில் டயரின் மேல் உட்கார்ந்தாள். வாய் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளே.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பந்தயத்துக்கு வண்டிகளை வரிசையில் நிறுத்தச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். தம்பி எழுந்து, சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த கொட்டகைக்கு நடந்து போனான். போன நடையைப் பார்த்து அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது தோல் உடுப்பின் மேல்பாதியைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான்.

"பேரை எடுத்துட்டேன்" என்றான். "ஏன்னு கேட்டாங்க. கை சரியில்லைன்னேன். அவ்வளவுதான்."

வேன்காரரும் சேர, மூன்று பேருமாக வண்டியை மேலே ஏற்றினார்கள். தம்பியின் வலது கை வழுக்கிக்கொண்டே இருந்தது. கயிறு போட்டு வண்டியைக் கட்டியதும் அவன் வேனின் பின்பக்கத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான்.

"நீ போய் எடு. உன் பசங்க எல்லாம் காத்திருப்பானுங்க" என்றான்.

"போறேன், இரு" என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலில் செருப்பு இறுகிக் கிடந்தது, கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் போகலாம் என்றுதான் இருந்தாள். பந்தயம் கிளம்புகிற சத்தம் கேட்டது. அந்த இரைச்சலிலேயே அவள் தலை வேன் கதவில் சாய்ந்தது.

விழித்தபோது திடல் அடங்கியிருந்தது. ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். தம்பி அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தான். வெயில் அவள் முகத்தில் விழாதபடி தலைக்கவசத்தை இடது கையால் தூக்கிப் பிடித்திருந்தான்.

"முடிஞ்சிடுச்சா?" என்று பதறினாள்.

"முடிஞ்சிடுச்சு."

"யாரும் விழலையே?"

"விழல. டாக்ஸி ஜெயிச்சான். நெட்டையன் வந்து உன்னைக் கேட்டான். அக்கா தூங்குறாங்க, சத்தம் போடாதன்னு அனுப்பிட்டேன்."

"எழுப்பியிருக்கலாம்லடா. ஒருத்தருக்கும் படம் இல்லாமப் போச்சு."

"விடுக்கா" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. அது புழுதியா வேறா என்று அவள் கேட்கவில்லை.

வேன்காரர் வண்டியைக் கிளப்பினார். அக்கா வீங்கின காலைச் செருப்புக்குள் நுழைக்கப் பார்த்தாள், முடியவில்லை, கையிலேயே எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது கூடவே வந்துடு. எலும்பு டாக்டர் காலையிலேயே வந்துடுவாரு. சலவைக் கூடம் வழியா உள்ள போனா வரிசையில நிக்க வேண்டாம்."

"பட்டறையில வேலை கிடக்கே."

"கிடக்கட்டும்."

அவன் அந்தச் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டான். பிறகு, "நாளைக்கு காபி போடுவியா?" என்று கேட்டான்.

"போடுறேன்" என்றாள் அக்கா. கண்ணை மூடிக்கொண்டாள்.